பச்ச உடம்புக்காரிகளைத் தேடி

பிள்ளை பெற்ற பெண்களின் உடல்நலத்தை ஆய்வு செய்யப் போகிறோம் என்று இளம் டாக்டர்களோ நர்சிங் மாணவிகளோ நாங்குநேரிப் பக்கம் வந்தால், நான் முதலில் கேட்பது ஒரே கேள்விதான். "அந்தப் பிள்ள இப்போ எந்த ஊர்ல இருக்குன்னு தெரியுமாம்மா?" அச்சடித்த படிவம் கையில் இருக்கும். எத்தனை பேரைப் பார்க்க வேண்டும் என்று கணக்குப் போட்டிருப்பார்கள். நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் கடிதமும் இருக்கும். அந்தப் பெண் படுத்திருக்கிற வீடு மட்டும் தெரிந்திருக்காது.

எங்கள் பக்கம் முதல் பேறுகாலம் தாய்வீட்டில்தான். வளைகாப்பு முடிந்ததும் பெண்ணை அழைத்துப் போய்விடுவார்கள். பிள்ளை பிறந்து மூன்றாம் மாதமோ ஐந்தாம் மாதமோதான் திரும்புவாள். ஏர்வாடியில் வாழ்க்கைப்பட்ட பெண்ணுக்கு ஏர்வாடியில் பதிவு, அம்பாசமுத்திரத்தில் பிரசவம், முக்கூடலில் அம்மா வீடு என்றால் மூன்று செவிலியர்களின் பதிவேட்டில் அவள் இருப்பாள். ஒன்றிலும் முழுதாக இருக்கமாட்டாள். நான் கிராம சுகாதார செவிலியராகச் சேர்ந்த 1980-களின் கடைசியில், அடுத்த ஊர் செவிலியருக்குக் கடுதாசி எழுதித்தான் கேட்க வேண்டும். பிறகு போன் வந்தது. 2008 வாக்கில் கணினிப் பதிவு வந்தது. இப்போது ஒரு கர்ப்பிணியின் எண் மாவட்டம் தாண்டியும் கூடவே போகிறது, அந்த எண் இல்லாமல் குழந்தைக்குப் பிறப்புச் சான்றிதழ் வாங்க முடியாது. ஆனால் எண் போய்ச் சேர்வது வேறு, ஒரு செவிலியர் போய் அவள் அடிவயிற்றைத் தொட்டுப் பார்ப்பது வேறு.

தேடியும் கிடைக்காதவர்களை 'பின்தொடர இயலவில்லை' என்று ஒரு வரியில் எழுதி முடித்துவிடுகிறார்கள். அந்த ஒரு வரியில்தான் ஆய்வே கெட்டுப்போகிறது என்பது என் எண்ணம். பிள்ளை பெற்ற பத்தாம் நாள் புருஷன் வீட்டிலேயே இருப்பவள் யார்? தாய் இல்லாதவள். பிடித்தவனைக் கட்டிக்கொண்டதால் பிறந்த வீட்டோடு பேச்சுவார்த்தை இல்லாதவள். இரண்டாவது மூன்றாவது பேறு என்பதால் வாழைத் தோட்டத்து வேலையையும் மாட்டையும் மூத்த பிள்ளையையும் விட்டுப் போக முடியாதவள். புருஷன் ஊரில் மட்டும் தேடினால் இவர்கள்தான் கிடைப்பார்கள். துன்பம் உள்ளதைவிட அதிகமாகத் தெரியும். தாய்வீடுகளில் மட்டும் தேடினால் எல்லாரும் உளுந்தங்களி சாப்பிட்டுக்கொண்டு சௌக்கியமாக இருப்பதாகத் தெரியும். இரண்டும் பொய்க்கணக்கு.

தெருவும் இப்படித்தான். எந்தத் தெருவுக்குள் எந்தச் செவிலியர் போவார், எந்த வீட்டில் திண்ணையோடு நிறுத்திவிடுவார்கள் என்பது எங்கள் வட்டாரத்தில் இன்றும் நடப்புதான். ஊருக்குப் புதிதாக வரும் ஆய்வாளரை அழைத்துப் போகும் ஆள் தன் தெருவிலேயே பாதிப் படிவத்தை நிரப்பித் தந்துவிடுவார். காலனியில் எத்தனை பேர், ஊருக்குள் எத்தனை பேர் என்று நான் பிரித்துக் கேட்பேன். அந்தக் கேள்விக்குப் பல படிவங்களில் இடமே இருக்காது.

நான் பார்த்தவற்றில் முழுமையான ஆய்வு என்றால் அது சாவைப் பற்றியது. தமிழ்நாட்டில் 1994-இல் மகப்பேறு மரணத் தணிக்கை தொடங்கியது. கர்ப்பத்திலோ, பிரசவத்திலோ, பிரசவமான 42 நாட்களுக்குள்ளோ ஒரு பெண் இறந்தால் 24 மணி நேரத்துக்குள் தகவல் போக வேண்டும். பிறகு வீட்டுக்குப் போய், குடும்பத்தோடு உட்கார்ந்து, மணி மணியாகக் கேட்டு எழுத வேண்டும். அது மாவட்டக் கூட்டத்துக்குப் போகும், ஆட்சியர் முன்பாகவும் பேசப்படும். ஆய்வு என்ற சொல்லை யாரும் அங்கே பயன்படுத்தியதில்லை. இருந்தாலும் ஒரு சாவைப் பின்னோக்கி நடந்து பார்க்கும் அந்த முறையில்தான் நான் ஆய்வு என்றால் என்னவென்று கற்றுக்கொண்டேன்.

வீட்டில் யாருக்கும் கடிகார நேரம் தெரியாது. ஒருமுறை ஒரு மாமியார் சொன்னார்: "நாகர்கோயில் கடைசி பஸ்சு போன பொறவுதான் உதிரம் நிக்காம போகுதுன்னு பாத்தோம். கார் வரும்போது கோயில்ல காலைப் பாட்டு போட்டுட்டான்." பஸ் போன நேரத்தையும், பாட்டு போடும் நேரத்தையும் வெளியே விசாரித்து இரண்டுக்கும் நடுவே எத்தனை மணி நேரம் என்று எழுதினோம். அந்த இடைவெளி முழுக்க வண்டிக்காகக் காத்திருந்த நேரம். திருநெல்வேலி ஐகிரவுண்டு பெரியாஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தபின் ரத்தம் ஏற்பாடாக ஆன நேரம் தனி. அம்மாவுக்கு என்ன நோய் என்பதைவிட எங்கே நின்றாள், எவ்வளவு நேரம் நின்றாள் என்பதே அந்தத் தாளில் பெரிதாகத் தெரிந்தது. இப்படித் தமிழ்நாடெங்கும் எழுதப்பட்ட தாள்களிலிருந்துதான் ஆரம்ப சுகாதார நிலையங்களில் மூன்று செவிலியர்களை வைத்து 24 மணி நேரமும் பிரசவம் பார்ப்பது, சீமாங்க் எனப்படும் அவசரப் பிரசவ, பச்சிளங்குழந்தைக் கவனிப்பு மையங்கள், ரத்தச் சேமிப்பு என்று ஒவ்வொன்றுக்கும் வலு கிடைத்தது. 2008-இல் 108 ஆம்புலன்ஸ் வந்தது. 2001-03 கணக்கில் தமிழ்நாட்டில் லட்சம் உயிர்ப் பிறப்புக்கு 134 தாய்மார் இறந்தார்கள். 2018-20 கணக்கில் 54. இந்தியா முழுமைக்கும் அதே 2018-20-இல் 97. எண்ணத் தொடங்கினால் என்ன நடக்கும் என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி எனக்குத் தெரியாது.

ரத்தப்போக்கை எப்படி அளப்பது என்பதே ஒரு நீண்ட கதை. நான் வேலைக்கு வந்த காலத்தில் மருத்துவச்சி நனைந்த துணியைக் காட்டுவாள், நாங்கள் கண்ணால் பார்த்து 'மிதம்', 'அதிகம்' என்று எழுதுவோம். பழைய சேலை எவ்வளவு உறிஞ்சும், மண் தரை எவ்வளவு உறிஞ்சும் என்று யாருக்குத் தெரியும்? கண்மதிப்பு எப்போதும் குறைத்தே சொல்லும். கர்நாடகத்தில் பெலகாவிப் பக்கம் நடந்த ஆய்வைப் பற்றி ஒரு பயிற்சியில் கேட்டபோது எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. எங்களைப் போன்ற துணைச் செவிலியர்களே வீட்டிலும் துணை சுகாதார நிலையத்திலும் பிரசவம் பார்த்து, இடுப்புக்குக் கீழே அளவுக்கோடு போட்ட பிளாஸ்டிக் விரிப்பை வைத்து, வழிகிற ரத்தத்தை அளந்திருக்கிறார்கள். 1,620 பெண்கள். பிள்ளை பிறந்ததும் மிசோபிரஸ்டால் மாத்திரை கொடுத்தவர்களில் அதிக ரத்தப்போக்கு 6.4 சதவீதம், கொடுக்காதவர்களில் 12 சதவீதம். 2006-இல் லான்செட் இதழில் வந்தது. மாத்திரையைப் பற்றித்தான் எல்லாரும் பேசினார்கள். எனக்கு அந்த விரிப்புதான் பெரிதாகப் பட்டது. 2023-இல் கென்யா, நைஜீரியா, தென்னாப்பிரிக்கா, தான்சானியா மருத்துவமனைகளில் இரண்டு லட்சம் பெண்களுக்கு மேல் பார்த்த ஆய்விலும் அதே மாதிரி விரிப்பு வந்தது. அளந்து, உடனே எல்லா மருத்துவத்தையும் ஒன்றாகத் தொடங்கிய இடங்களில் 100-க்கு 93 ரத்தப்போக்குகள் கண்ணில் பட்டன. வழக்கம்போல் பார்த்த இடங்களில் பாதிதான். மீதிப் பாதி யார் கண்ணிலும் படாமல் வழிந்தோடியிருக்கிறது.

உடம்பை அளக்க விரிப்பு இருக்கிறது. மனசுக்கு?

வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியினர் காணியம்பாடி வட்டாரக் கிராமங்களில் 359 கர்ப்பிணிகளைக் கடைசி மூன்று மாதத்தில் பார்த்து, பிரசவமான ஆறு முதல் பன்னிரண்டு வாரத்துக்குள் மறுபடியும் பார்த்து, 2002-இல் எழுதினார்கள். பிள்ளை பெற்றபின் புதிதாக மனச்சோர்வு கண்டவர்கள் 11 சதவீதம். காரணங்களாக அவர்கள் கண்டவை: குறைந்த வருமானம், ஆண்பிள்ளைக்கு ஆசைப்பட்ட வீட்டில் பெண்பிள்ளை, மாமியாரோடும் பெற்றவர்களோடும் மனத்தாங்கல், கர்ப்பகாலத்தில் நேர்ந்த துயரம், கைவேலைக்கு உதவ ஆளில்லாமை. கடைசியாகச் சொன்னதை நான் பலமுறை யோசித்திருக்கிறேன். மற்றவற்றை மாற்ற எங்களால் ஆகாது. தண்ணீர் எடுத்துத் தர ஒரு ஆள், மூத்த பிள்ளையைப் பிடித்துக்கொள்ள ஒரு ஆள் என்பதைக் கேட்டு ஏற்பாடு செய்ய ஒரு செவிலியரால் முடியும்.

எடின்பரோ அளவுகோல் என்று பத்துக் கேள்விகள் உண்டு, 1987-இல் உருவாக்கியது. வேலூரிலேயே தமிழில் அதைச் சரிபார்த்திருக்கிறார்கள். அதை வைத்துக் கேட்க வரும் மாணவிகளோடு நான் வீடுகளுக்குப் போயிருக்கிறேன். நடுக்கூடத்தில் பாய் விரித்து உட்காரவைப்பார்கள். மாமியார் வாசற்படியில், நாத்தனார் அடுப்பங்கரையில். "அழுகை வருதா?" என்றால் பதிலை மாமியார் சொல்வார்: "அவளுக்கு என்ன குறை? மூணு வேளையும் பக்குவமாத்தான் போடுதோம்." எல்லாக் கேள்விக்கும் 'இல்லை' என்று வட்டமிட்டு மாணவி எழுந்துவிடுவாள். நான் ஒரு வழக்கம் வைத்திருந்தேன். குழந்தைக்குத் தொப்புள் பார்க்க வேண்டும், தாய்க்குத் தையல் பார்க்க வேண்டும், கதவைச் சாத்துங்கள் என்பேன். தையலைப் பார்க்கிறேன் என்றால் எந்த மாமியாரும் மறுப்பதில்லை. உள்ளே அந்தப் பிள்ளை முதலில் தையலைப் பற்றிப் பேசும், பிறகு பால் போதவில்லை என்று சொல்லும், அதற்குப் பிறகுதான் மற்றது வரும். "யக்கா, பிள்ளைய தூக்கவே பயமாருக்கு. எதுக்குப் பெத்தோம்னு வருது." படிவத்தில் இருக்கும் வரிசைப்படி கேட்டிருந்தால் இது வந்திருக்காது.

பத்தாவது கேள்வி தன்னைத் தானே துன்புறுத்திக்கொள்ளும் எண்ணம் வந்ததா என்பது. அதற்கு 'ஆமாம்' என்று ஒரு பெண் சொன்னால் அந்த நிமிஷத்திலிருந்து அவள் உங்கள் பொறுப்பு. எந்த டாக்டர், எந்தக் கிழமை, யார் கூடப் போவது, பால் குடிக்கிற பிள்ளைக்கு என்ன ஏற்பாடு என்று எல்லாம் கையில் இல்லாமல் அந்தக் கேள்வியைக் கேட்க எவருக்கும் உரிமை கிடையாது. இதில் எனக்கு விட்டுக்கொடுக்கும் மனசே இல்லை. 104 மருத்துவ உதவி எண்ணுக்குப் போன் செய்யலாம் என்று ஒரு துண்டுச்சீட்டைக் கொடுத்துவிட்டு அடுத்த வீட்டுக்குப் போவதை நான் தடுத்திருக்கிறேன்.

ஏனென்றால் அந்தச் சாவுகள் நெடுங்காலம் எங்கள் கணக்கிலேயே வரவில்லை. கைக்குழந்தையை விட்டுவிட்டுத் தன் உயிரைத் தானே மாய்த்துக்கொண்டவளை 'குடும்பப் பிரச்சினை' என்று போலீஸ் தாளில் எழுதி முடித்தார்கள். மகப்பேற்றோடு தொடர்பில்லாத மரணமாக அது ஒதுங்கிவிடும். 2012-இல் உலக சுகாதார நிறுவனம் தன் வழிகாட்டுதலில், கர்ப்பத்திலும் பேறுகாலத்திலும் நேரும் தற்கொலைகளை மகப்பேற்றின் நேரடி மரணங்களோடு சேர்க்கச் சொன்னது. மலைக்கு அந்தப்பக்கம் கேரளத்தில் 2004 முதல் மகப்பேறு மருத்துவர்கள் பெயர் வெளியிடாமல் மரணங்களை ஆராய்கிறார்கள். தற்கொலையைக் கவனிக்க வேண்டிய காரணம் என்று அவர்களும் எடுத்துச் சொன்னார்கள். ரத்தப்போக்கும் ஜன்னியும் குறையக் குறைய, மறைந்துகிடந்த இது மேலே தெரிய வருகிறது.

ஒப்புதல் கையெழுத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். நான் கூடப் போனால் எந்தப் பெண்ணும் மறுக்காமல் கையெழுத்துப் போடுவாள். "நர்சம்மா சொன்னா சரிதான்." அதுதான் சிக்கல். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி நிதியுதவி 2006-இல் 6,000 ரூபாய் ஆனது, 2011-இல் 12,000, 2018-இல் 18,000. அந்தத் தவணைகளுக்குப் பதிவேற்றுவது கிராம செவிலியர். பதிவு எண்ணுக்கும் அவரிடம்தான் வர வேண்டும். தன் பணம் யார் கையில் இருக்கிறதோ அவரோடு வந்து நிற்கும் டாக்டருக்கு ஒரு ஏழைப் பெண் எப்படி மாட்டேன் என்பாள்? இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் 2017 நெறிமுறைகள், புரிகிற மொழியில் சொல்ல வேண்டும், எப்போது வேண்டுமானாலும் விலகலாம் என்று கேட்கின்றன. இங்கே அதை நடத்திக் காட்ட ஒரு வழிதான் எனக்குத் தெரிந்தது. படிவத்தைப் பிரிக்கும் முன்னால் நானே சொல்வேன்: "இதுக்கும் ஒன் பணத்துக்கும் ஒரு சம்பந்தமும் கெடையாது. வேண்டாம்னா வேண்டாம்னு சொல்லு, நாளைக்கும் நான் இதே மாதிரிதான் வருவேன்." சொல்லிவிட்டுத் தெருவுக்குப் போய்விடுவேன். நான் போனபின் சிலர் வேண்டாம் என்று சொல்லியிருக்கிறார்கள். மாணவிகளுக்கு வருத்தம். எனக்கு அது நல்ல சேதி. மற்றவர்கள் சொன்ன 'சரி'க்கு அப்போதுதான் மதிப்பு வருகிறது.

சாகாதவர்களின் கதை இன்னும் நீளம். மகாராஷ்டிரத்தின் கட்சிரோலியில் ராணி பங் குழுவினர் 1989-இல் வெளியிட்ட ஆய்வில் இரண்டு கிராமங்களின் 650 பெண்களைப் பரிசோதித்தார்கள். 92 சதவீதம் பேருக்குப் பெண்ணுறுப்பு சம்பந்தமான ஏதோ ஒரு நோய் இருந்தது, அதற்கு முன் ஒருமுறையாவது பரிசோதனை செய்துகொண்டவர்கள் 8 சதவீதம். 2004-இல் அதே பகுதியிலிருந்து, வீட்டில் பிள்ளை பெற்ற 772 பேரைக் கூடவே இருந்து கவனித்த ஆய்வு வந்தது; பிரசவத்துக்குப் பின் 100-க்கு 43 பேருக்கு ஏதோ ஒரு கோளாறு. நம் ஊரில் செங்கல்பட்டுப் பக்கம் 1981-இல் சுந்தரி ரவீந்திரனும் தலித் பெண்களும் சேர்ந்து தொடங்கிய கிராமப்புறப் பெண்கள் அமைப்பு, அடி இறங்கிய, அதாவது கருப்பை கீழிறங்கிய, பெண்களிடமே பேசி 1999-இல் எழுதியது. பேறு முடிந்து சில நாளிலேயே நாற்று நடவும் தண்ணீர் சுமக்கவும் போன உடம்புகள் அவை.

எங்கள் பக்கம் அப்படி அடி இறங்கிய பெண்கள் பீடித் தட்டை மடியில் வைத்துக்கொண்டு ஒருக்களித்து உட்கார்ந்திருப்பார்கள். நேராக உட்கார முடியாது. கேட்டால் "நல்லாத்தான் இருக்கேன்" என்பார்கள். உடம்பு எப்படி இருக்கிறது என்று பொதுவாகக் கேட்டால் எங்கும் இதே பதில்தான். "இருமுனா சேலை நனையுதா? பஸ்சுல போகும்போது அடக்க முடியுதா? உக்காந்து எந்திரிக்கும்போது கீழ கனமா இருக்கா?" என்று கேட்டால் கண்ணைப் பார்க்கமாட்டார்கள், ஆனால் தலை ஆடும். களக்காட்டுப் பக்கம் ஒரு பெரியம்மா கடைசிப் பிள்ளை பிறந்த நாளிலிருந்து கல்யாண வீடுகளுக்கே போகாமல் இருந்தவர். பிள்ளைக்குப் பிள்ளை பிறந்தாயிற்று. "இதுக்கெல்லாம் ஆஸ்பத்திரி உண்டுமாம்மா?" என்று என்னிடம் கேட்டார். வளையம் வைத்தும், அறுவை செய்தும் சரிசெய்கிறார்கள் என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை.

இப்போது கோளாறின் முகம் மாறியிருக்கிறது. ஐந்தாம் தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் பிரசவங்களில் 44.9 சதவீதம் அறுவை. அதற்கு முந்தைய கணக்கெடுப்பில் 34.1. பெண்களில் பாதிக்கு மேல், 53.4 சதவீதம், ரத்தசோகை. தையல் போட்ட இடத்தில் சீழ், எழுந்திருக்க முடியாத இடுப்புவலி, படியேறினால் மூச்சு வாங்குவது என்றுதான் இன்று என்னிடம் சொல்கிறார்கள். முதுகில் போட்ட ஊசியால்தான் இடுப்புவலி என்று ஊர் முழுக்க நம்புகிறது. நீண்டநாள் வலிக்கு அந்த ஊசி காரணம் என்று ஆய்வுகள் காட்டவில்லை. குனிந்தபடி பால் கொடுப்பதும், தளர்ந்த வயிற்றுத் தசையும், ஓய்வில்லாத வேலையும் கவனிக்க வேண்டியவை. ஆனால் ஊசி காரணம் இல்லை என்று மட்டும் சொல்லிவிட்டு எழுந்துவிட்டால் அவள் வலி பொய் என்று நாம் சொன்னதாக ஆகிவிடும்.

2023 டிசம்பரில் லான்செட் தொகுத்த கட்டுரைகள், உலகில் ஆண்டுக்குக் குறைந்தது 4 கோடிப் பெண்களுக்குப் பேறுகாலத்தால் நீடித்த உடற்கோளாறு வருகிறது என்று கணக்கிட்டன. உடலுறவில் வலி 35 சதவீதம், இடுப்புவலி 32, மலம் அடக்க முடியாமை 19. இவற்றில் பெரும்பகுதி ஆறு வாரத்துக்குள் அடங்கும் கவனிப்பில் தெரியவே தெரியாது என்றும் எழுதினார்கள். ஆறு வாரம் என்பது எங்கள் பதிவேட்டின் 42 நாள். பத்தியமும் அதே வாக்கில் முடிகிறது, வயிற்றுக்கட்டு அவிழ்கிறது, தலைக்குத் தண்ணீர் விட்டு வீட்டு வேலைக்கு அனுப்பிவிடுகிறார்கள். 42-ஆம் நாளுக்கும் ஓராண்டுக்கும் நடுவே நேரும் சாவுக்கு உலக நோய்ப் பட்டியலில் தனிப்பெயரே உண்டு. கோளாறுக்கு அப்படி ஒரு பெயரை நான் கேள்விப்பட்டதில்லை.

ஏன் ஆய்வாளர்களும் ஆறு வாரத்தோடு நிறுத்துகிறார்கள் என்று நான் மருத்துவ மேற்படிப்பு மாணவி ஒருத்தியிடம் கேட்டேன். அவளுக்கு ஒன்பதாம் மாதம்வரை பார்க்க ஆசை இருந்தது. மேற்படிப்பு மூன்று ஆண்டு. திட்டம் எழுதி ஒப்புதல் வாங்க, ஆள் சேர்க்க, எழுதிக் கொடுக்க என்று கழித்தால் ஒரு பெண்ணைப் பின்தொடர எஞ்சுவது ஆறு வாரம்தான் என்றாள். வழிகாட்டியும் அப்படியே சொல்லிவிட்டாராம். பெண்களின் உடம்பு எப்போது தேறுகிறது என்பதைப் படிப்புக் காலம் தீர்மானிக்கிறது. அவளைக் குறைசொல்லி என்ன?

ஆனால் வழி இல்லாமல் இல்லை. தமிழ்நாட்டில் புதன்கிழமை தடுப்பூசி நாள். ஆறாம் வாரம், பத்தாம் வாரம், பதினான்காம் வாரம், ஒன்பதாம் மாதம், பிறகு ஒன்றரை வயதையொட்டி என்று பிள்ளையைத் தூக்கிக்கொண்டு தாய் தானே வருகிறாள். தாய்வீட்டில் இருந்தால் அந்த ஊர் துணை நிலையத்துக்கு வருவாள், திரும்பிவிட்டால் இங்கே வருவாள். தேடிப் போகவே வேண்டாம். பிள்ளையின் அட்டையில் எடை, உயரம், ஊசி எல்லாவற்றுக்கும் கட்டம் இருக்கிறது; தூக்கி வந்தவளைப் பார்த்து யாரும் ஒரு வார்த்தை கேட்பதில்லை. ஒன்பதாம் மாத ஊசிக்கு வருகிறவளிடம், ஊசி போட்டபின் அரை மணி நேரம் எப்படியும் உட்காரவைக்கிற நேரத்தில், ஐந்து கேள்வி கேட்டால் போதும். நனைகிறதா, கனமாக இருக்கிறதா, எங்கே வலிக்கிறது, தூக்கம் வருகிறதா, வீட்டில் கைகொடுக்க யார் இருக்கிறார்கள். மாமியார் கூட வந்திருந்தால் பிள்ளையை அவர் கையில் கொடுத்து எடை போடும் பக்கம் அனுப்பலாம். அதோடு ரத்த அளவு பார்க்க விரலில் ஒரு சொட்டு. இந்த யோசனையை, அடுத்து வந்த இரண்டு மாணவிகளிடமும் எழுதியே கொடுத்தேன். தாய்வீட்டு ஊர்ப் பெயரையும், அங்குள்ள செவிலியரின் போன் நம்பரையும் முதல் பக்கத்திலேயே வாங்கிவிடச் சொன்னேன். ஐந்தில் ஒன்றுக்கு 'ஆமாம்' என்று வந்தால் அவளை அனுப்ப வேண்டிய டாக்டரின் பெயரும், அவர் இருக்கும் கிழமையும், நாங்குநேரியிலிருந்து அங்கே போகும் பஸ் நேரமும் அதே தாளில் அச்சாகியிருக்க வேண்டும்.